பாதாளக் கரண்டி டீச்சர்

நடுவிரலை மடக்கி, முட்டியால் ஒரு தட்டு. பிறகு தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்பது. குரோம்பேட்டை ஸ்டேஷன் ரோட்டுப் பாத்திரக் கடை வாசலில் ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளியைத்தான் ஞானஜோதி டீச்சர் இப்படிச் சோதித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் அரிகிருஷ்ணன், டாக்டர் என்ன சொல்லப்போகிறாரோ என்று நிற்கும் பெண்ணைப் பெற்றவர் மாதிரி பக்கத்தில் நின்றார்.

“என்னங்க இது, இருமுது?”

“பிளாஸ்டிக் டீச்சர். சத்தம் வராது. ஆனா உடையாது.”

“உடையாதுன்னு நீங்க சொல்லக்கூடாது. வாளி சொல்லணும்.”

வாளி ஒன்றும் சொல்லவில்லை. டீச்சரும் வாங்கவில்லை. அவர் கடைக்குப் போவது வாங்குவதற்கு என்று இத்தனை வருஷமாகியும் அரிகிருஷ்ணன் நம்பிக்கொண்டிருப்பது அவருடைய நல்ல மனசு.

டீச்சர் தட்டாத பொருள் அஸ்தினாபுரத்தில் கிடையாது. தேங்காயைத் தட்டுவார், அது எல்லோரும் செய்வதுதான். ஆனால் அவர் சர்ச்சில் புதிதாகப் போட்ட பெஞ்சைத் தட்டி, ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போதே “ஒட்டுப் பலகை” என்று சொன்னவர். எங்கள் வீட்டுப் புதுக் கதவைத் தட்டியபோது யாரோ வந்திருக்கிறார்கள் என்று நான் ஓடிப்போய்த் திறந்தேன். “உங்களைக் கூப்பிடலீங்க, கதவைப் பார்த்தேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு கல்யாண நிச்சயத்தில் சீர் சாமான்களையெல்லாம் வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தவர், மாப்பிள்ளை அருகில் வந்ததும் எப்படியோ கையை மடக்கிக்கொண்டார்.

தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். ஊர் நாசரேத் பக்கம். கணவர் ஜெபராஜ் ரயில்வேயில் கார்டு. ரயிலில் அவரிடம் சிவப்புக் கொடியும் உண்டு, பச்சைக் கொடியும் உண்டு. வீட்டில் பச்சை மட்டும்தான். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில். அதில் என் முழங்கை ஊன்றி ஊன்றிச் சுண்ணாம்பு போய்விட்ட இடம் ஒன்று இருக்கிறது. ஆகவே இதில் நான் எழுதுவதெல்லாம் கண்ணால் பார்த்தது. பார்க்காததைக் கன்னியம்மா பார்த்திருக்கிறாள். கன்னியம்மா எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் பாத்திரம் தேய்ப்பவள்.

டீச்சருடைய சித்தாந்தம் எளிமையானது. பழசு நிற்கும், புதுசு நிற்காது. பள்ளிக்கூடத்தில் வாங்கிக் கொடுத்த புதுக் கத்தரிக்கோல் துணியைக் கடிக்குமாம், வெட்டாதாம். அம்மாவின் பழைய கத்தரிக்கோலைப் பையில் சுமந்துகொண்டு போய் வருகிறார். ஜெபராஜ் ஒரு தடவை ஆசைப்பட்டு ஒரு புதுத் திருப்புளி வாங்கி வந்தார். சுவரில் பழைய ஸ்க்ரூ அப்படியே இருந்தது, திருப்புளிதான் முறுக்கிக்கொண்டது. டீச்சர் அதை ஜன்னலில் தொங்கவிட்டு வருகிற போகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். இன்னொரு தடவை புதுச் சுத்தியலின் தலை மட்டும் கழன்று பறந்து மதிலைத் தாண்டி எங்கள் மல்லிகைப் பந்தலில் வந்து விழுந்தது. நான் அதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, “வச்சுக்கங்க, இது சுத்தியல் இல்ல, பேப்பர் வெயிட்டு” என்றார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் காலண்டர்த் தாள்கள் பறக்காமல் இருப்பது அதனால்தான்.

இத்தனை வாய்க்கும் பின்னால் ஒரு பலம் வேண்டுமில்லையா? அந்தப் பலம்தான் பாதாளக் கரண்டி.

கிணறு இல்லாத வீட்டுக்காரர்களுக்காகச் சொல்கிறேன். கயிறு அறுந்து வாளி கிணற்றுக்குள் போய்விட்டால், கயிற்றில் கட்டி உள்ளே இறக்கித் துழாவுகிற இரும்புக் கொக்கிக் கொத்துதான் பாதாளக் கரண்டி. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு கிணறு. வாரத்துக்கு ஒரு வாளியாவது உள்ளே போகும். ஆனால் கரண்டி இருந்தது டீச்சர் வீட்டில் மட்டும். மற்ற அப்பாக்கள் பெண்ணுக்குக் கல்யாணத்தில் சங்கிலி போடுவார்கள். டீச்சருடைய அப்பா, மாட்டு வண்டி அச்சு இரும்பைக் கொல்லனிடம் கொடுத்து அடித்த கரண்டியைக் கொடுத்து அனுப்பினார். “போற எடத்துல கிணறு இருக்கு. கழுத்துல போடுறத திருடன் எடுத்துருவான். இத எவன் எடுப்பான், தூக்கவே முடியாதே” என்றாராம். டீச்சர் இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் கொஞ்சம் இறங்கும். அடுத்த நொடி ஏறிவிடும்.

அந்தக் கரண்டி போன இடத்திலிருந்து வெறுங்கையோடு வந்ததில்லை. வாளி தேடப் போய் வாளியோடு வேறு எதையாவது சேர்த்து இழுத்து வரும். ஒரு வீட்டில் எவர்சில்வர் டம்ளர் காணோம் என்று கன்னியம்மாவைச் சந்தேகப்பட்டு, அவள் அழுது, வேலையை விட்டு நின்று, தெருவே இரண்டு கட்சியாகிவிட்டது. ஒரு மாசம் கழித்து வாளி தேடி இறக்கின கரண்டி அந்த டம்ளரையும் மாட்டிக்கொண்டு மேலே வந்தது. அன்றிலிருந்து கன்னியம்மா அதற்கு நெற்றியில் பொட்டு வைக்காத குறை. “இன்னா டீச்சர், அது சாமி மாரி. அதுக்குத்தான் தெரியும் யார் திருடி, யார் நல்லவன்னு” என்பாள்.

கரண்டியை யாரும் சும்மா தரமாட்டார்கள். அது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். ஈடாக ஒரு பாத்திரம் வைத்துவிட்டு எடுத்துப் போக வேண்டும். திருப்பிக் கொடுத்ததும் பாத்திரத்தை வாங்கிக்கொள்ளலாம். டீச்சர் இந்த வழக்கத்தின் மேல் இன்னும் சில சட்டங்களைத் தைத்து வைத்திருந்தார். ஈடு பாத்திரம் பித்தளை, செம்பு, வெண்கலமாக இருக்க வேண்டும். பழசாக இருக்க வேண்டும். அலுமினியம், எவர்சில்வர் ஆகாது. வாசலிலேயே தட்டிப் பார்ப்பார். “கரண்டி வரலேன்னா பாத்திரம் எனக்கு. பாத்திரம் வரலேன்னா கரண்டி உங்களுக்கு. இதுல பேச்சே கிடையாது” என்று ஒவ்வொருவரிடமும் ஞானஸ்நானம் கொடுப்பது போல் சொல்லித்தான் எடுத்துக் கொடுப்பார்.

இன்னொன்றும் உண்டு. ஈடு வந்த பாத்திரத்தில் டீச்சர் சமைப்பார். “கரண்டி அங்க வேலை செய்யுது. பாத்திரம் இங்க ஈசி சேர்ல படுத்திருக்கணுமா?” என்பார். எங்கள் தவலையில் ஒரு தடவை மீன் கழுவப்பட்டு வந்தது. நாங்கள் சாப்பிடுகிறவர்கள்தான், அதனால் பரவாயில்லை. எதிர் வீட்டுக்கு அப்படியில்லை.

எதிர் வீட்டில் சாம்பசிவன், அவர் மனைவி பட்டு, சாம்பசிவனின் அம்மா அபிதகுஜாம்பாள். மாமி என்றால் எங்கள் தெருவில் அவர்தான். ஈடு போய் வந்த பாத்திரத்தை மாமி வாசலிலேயே நிறுத்தி வைத்து, தண்ணீர் தெளித்து, புளி போட்டு மூன்று வட்டம் தேய்த்துத்தான் உள்ளே விடுவார். டீச்சர் அதை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே, “புளியில கழுவினா போற மதமா எங்க மதம்?” என்பார். மாமிக்குக் காது நன்றாகவே கேட்கும். இருவரும் அதற்குமேல் பேசிக்கொண்டதில்லை.

சாம்பசிவனுக்கு இந்த ஈடு விவகாரமே பிடிக்கவில்லை. அவர் நவீன மனிதர். வருகிற கண்காட்சிகளுக்கெல்லாம் போய் ஏதாவது ஒன்றை வாங்கி வருவார். “விஞ்ஞானம் எங்கேயோ போயிண்டிருக்கு, நாம ஒரு வாளிக்கு எதிராத்து வாசல்ல தவம் கெடக்கறோம்” என்று சொல்லிவிட்டு, தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு புதுப் பாதாளக் கரண்டி வாங்கி வந்தார். சிவப்புப் பெயிண்ட், பளபளவென்று காகிதச் சீட்டு, கூடவே நீல நைலான் கயிறு. “எல்லாம் வெல்டிங். கொல்லன் வேலை இல்ல” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். டீச்சர் தன் வீட்டு வாசலில் வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தட்டிப் பார்த்தீங்களா சார்?”

சாம்பசிவன் நைலான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரமே அவர்கள் வீட்டு வாளி உள்ளே போனது. ஞாயிற்றுக்கிழமை காலை. மாமி நங்கநல்லூரில் பெண் வீட்டுக்குப் போயிருந்தார், சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார். சாம்பசிவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாசல் பக்கமே இருந்த கிணற்றில் புதுக் கரண்டியை இறக்கினார். தொட்டது, மாட்டியது. தண்ணீர் நிறைந்த வாளி கனமாக எழும்பியது. பாதி வழியில் ஒரு சத்தம். பிறகு கயிறு மிகச் சுலபமாக மேலே வந்தது. நுனியில் ஒரு சிவப்பு வளையம் மட்டும் இருந்தது. கொக்கிகளெல்லாம் வாளிக்குத் துணையாகக் கிணற்றுக்குள்ளேயே தங்கிவிட்டன.

இப்போது கரண்டியை எடுக்கக் கரண்டி வேண்டும். நான் மதிலில் சாய்ந்துகொண்டேன், கால் வலிக்கிறதே என்று.

பட்டுவுக்குத்தான் வந்தது சங்கடம். வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை, மாமி வருகிற நேரம். ஈடு வைக்கப் பித்தளை வேண்டும். பித்தளையெல்லாம் தை மாதத்தில்தான் தெருவில் வந்த வியாபாரியிடம் கொடுத்து எவர்சில்வராக மாற்றியிருந்தாள். அடுக்களை முழுக்கக் கண்ணாடி மாதிரி மின்னுகிறது, ஒன்றுகூட டீச்சர் சட்டத்துக்கு ஆகாது. மாமி மட்டும் மாற்றக் கூடாது என்று பிடித்து வைத்திருந்த பொருள் ஒன்றே ஒன்று, அவருடைய ரசம் வைக்கிற ஈயச்சொம்பு. பட்டு அதைப் புடவைத் தலைப்பில் மூடி எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

டீச்சர் தட்டினார். ‘டொப்’ என்றது. மறுபடி தட்டினார். அதே ‘டொப்’.

“என்ன பட்டு, இது வாயே திறக்கல?”

“ரொம்பப் பழசு டீச்சர். எங்க மாமியாரோட மாமியாருக்கு அவா மாமியார் குடுத்தது.”

பழசு என்றதும் டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. அத்தனை மாமியார்களைத் தாண்டி வந்த சொம்புக்குச் சத்தம் எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, வாங்கி வைத்துக்கொண்டு கரண்டியை எடுத்துக் கொடுத்தார்.

கரண்டியைக் கன்னியம்மாதான் இறக்கினாள். அது போய் வாளியையும் கொக்கிகளையும் ஒரே இழுப்பில் கொத்தாக மேலே கொண்டுவந்தது. சாம்பசிவன் அந்த நேரத்தில் ஹிந்து பேப்பரைத் தலைக்கு மேல் உயர்த்திப் படித்துக்கொண்டிருந்தார்.

அதே நேரத்தில் இந்தப் பக்கம் என்ன நடந்தது என்றால், டீச்சர் அந்தச் சொம்பில் பால் காய்ச்ச நினைத்தார். புளி வாசனை இருந்தால் பால் திரிந்துவிடுமே என்று நன்றாகக் கழுவினார். ஈரம் போகட்டும் என்று பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்து, வெறும் சொம்பை அதன் மேல் வைத்துவிட்டு, பால்காரியைக் கூப்பிட வாசலுக்குப் போனார். ஈயச்சொம்பு வைத்திருக்கிற வீடுகளில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும், அதை வெறுமையாக நெருப்பில் வைக்கக் கூடாதென்று. ரசம் உள்ளே இருக்கிறவரைக்கும்தான் அதற்கு உயிர். நாசரேத்தில் வளர்ந்து மீன் குழம்புச் சட்டியோடு பழகிய டீச்சருக்கு இது யார் சொல்லியிருப்பார்கள்?

“ஜோதி,” என்று உள்ளேயிருந்து ஜெபராஜ் கூப்பிட்டார். சத்தம் போட்டே பேசாத மனிதர். “உன் சொம்பு உக்காந்திருச்சு.”

டீச்சர் உள்ளே ஓடினார். சொம்பின் அடிப்பாகம் போய்விட்டது. கழுத்து ஸ்டவ்வின் மேல் சரிந்துகொண்டிருந்தது. வெள்ளி மணி மாதிரி உருண்டைகள் தரையில் ஓடி மூலையில் போய் ஒளிந்தன. ஸ்டவ்வை அணைப்பதற்குள் அத்தனை மாமியார்களும் சேர்ந்து ஒரு சின்னத் தோசையாகிவிட்டார்கள்.

“இன்னா டீச்சர், சொம்பு எங்க கீது?” கரண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கன்னியம்மா வந்து நின்றாள். “பட்டும்மா அவசரமா கேட்டுகினு நிக்குது. மாமி பஸ்ஸ வுட்டு எறங்கிட்டாங்களாம்.” தரையைப் பார்த்தாள். “ஐயே, இன்னாது இது?”

டீச்சர் பேசவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் வாய் மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு மதிலோரம் வந்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் நின்றேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

“பாத்திரம் வரலேன்னா கரண்டி அவங்களுக்கு,” என்றார். “நான்தாங்க சொன்னேன்.”

“விடுங்க டீச்சர். தெரியாம நடந்தது. வேற ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டா ஆச்சு.”

“அப்பா குடுத்ததுங்க அது.” கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலைப்பால் அழுத்தித் துடைத்தார். “ஆனா சொன்னது சொன்னதுதானே. நாளைக்கு எந்த மூஞ்சியோட ஈடு கேப்பேன்?”

உள்ளே போய் சர்ச்சுக்குக் கட்டுகிற வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார். தட்டில் அந்த ஈயத் தோசையை வைத்து, தானே பின்னிய லேஸ் துணியால் மூடி, கன்னியம்மா கரண்டியைச் சுமந்து பின்னால் வர, எதிர் வீட்டுக்கு நடந்தார். நானும் போனேன். போகாமல் இருப்பேனா?

மாமி அப்போதுதான் கால் கழுவிக்கொண்டு உள்ளே நுழைந்திருந்தார். டீச்சர் லேஸ் துணியை விலக்கினார்.

“மாமி, இது உங்க சொம்பு.”

மாமி குனிந்து பார்த்தார். நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார். திரும்பிப் பட்டுவைப் பார்த்தார். பட்டு தூணுக்குப் பின்னால் போய்விட்டாள்.

“காலியா அடுப்புல வச்சேளா?”

“ஆமா மாமி.”

“இந்தாத்துக்கு வந்த அன்னிக்கு அதுலதான் நான் மொதமொதலா ரசம் வச்சேன்” என்றார் மாமி. அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

டீச்சர் கன்னியம்மாவிடமிருந்து கரண்டியை வாங்கி நடையில் வைத்தார். “சட்டப்படி இது இனிமே உங்களுது.”

“ஐயையோ, அதெல்லாம் வேண்டாம் டீச்சர்!” என்று சாம்பசிவன் பெருந்தன்மையோடு பேப்பரிலிருந்து வெளியே வந்தார். “காலம் மாறிடுத்து, போர்வெல் வரப்போறது, இதை வச்சுண்டு நாங்க என்ன…”

“நீ சும்மா இருடா,” என்றார் மாமி. “அங்க ஓரமா வைங்கோ டீச்சர்.”

டீச்சர் அதோடு விட்டுவிடவில்லை. தரையில் ஓடிய மணிகளைக்கூடப் பொறுக்கிச் சேர்த்து, தோசையோடு கட்டி, தெரிந்தவர் மூலம் கும்பகோணத்துக்கு அனுப்பி, அதே ஈயத்தில் அதே அளவில் சொம்பு அடித்து வாங்கினார். அதை எடுத்துக்கொண்டு போனபோது முகத்தில் பழைய வெளிச்சம் வந்திருந்தது. மாமி சொம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நன்னா இருக்கு. ஆனா புதுசு.”

“அதே ஈயம் மாமி!”

“ஈயம் பழசு. சொம்பு புதுசு. புதுசு நிக்காதுன்னு ஊரெல்லாம் சொல்றது நீங்கதானே? நிக்கறதான்னு பார்ப்போம். நின்னா கரண்டிய எடுத்துண்டு போங்கோ.”

“எவ்வளவு நாள் நிக்கணும்?”

“அது மூணு மாமியார் பார்த்தது” என்றார் மாமி. சொம்பும் அங்கே தங்கியது, கரண்டியும் அங்கே தங்கியது.

இப்போது எங்கள் தெருவில் வாளி விழுந்தால் மாமியிடம்தான் போகிறோம். ஈடு அதே ஈடு, சட்டம் அதே சட்டம். மாமி சமைப்பதில்லை, பாத்திரத்தைக் கொல்லையில் கவிழ்த்து வைத்துவிடுவார். டீச்சர் முன்போலவே ஊரைத் தட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் எதிர் வீட்டு வாசலில் யாராவது தவலையோடு நின்றால், இந்தப் பக்கம் ஜன்னல் மெல்லச் சாத்திக்கொள்ளும்.

போன வாரம் டீச்சர் வீட்டு வாளியே உள்ளே போய்விட்டது. “பிளாஸ்டிக் வாளின்னா மிதக்குமாமே” என்று ஜெபராஜ் சொல்லிவிட்டு, சொன்னதற்காக ஸ்டேஷனுக்குச் சீக்கிரமே கிளம்பினார். கன்னியம்மா, “நம்ம கரண்டிதானேம்மா, ஈடு இன்னாத்துக்கு? நான் போய் சும்மா எட்த்தாறேன், மாமி ஒண்ணியும் சொல்லாது” என்றாள். டீச்சர் கேட்கவில்லை. பரணில் ஏறினார். கரண்டியோடு சேர்ந்து சீராக வந்த வெண்கலப் பானை ஒன்று அவரிடம் இருப்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். அதை இறக்கி, விளக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்தார்.

“வாளி விழுந்துடுச்சு மாமி,” என்றார் எதிர் வீட்டு வாசலில். என் கரண்டி என்று சொல்லவில்லை.

“வைங்கோ.”

“காலியா அடுப்புல ஏத்திடாதீங்க. கீறிடும்.”

“எனக்கா சொல்றேள்?”

மாமி படியில் உட்கார்ந்தார். தண்ணீர்ச் செம்பு பக்கத்திலேயே இருந்தது, தெளிக்கவில்லை. பானையை மடியில் எடுத்து வைத்து, நடுவிரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டினார். பானை பாட ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. மாமி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கீழ்ப் படியில் நின்ற டீச்சரும் தலையைச் சாய்த்தார், அதே பக்கமாக.